இலங்கைக்குப் போன கருப்பனைத் தேடியது

1. பேர் இல்லாத சேரி

பேச்சியம்மாள் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தபோது, அவர் இந்தியாவில் தங்குவதற்கான பெர்மிட் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. நான் புதுக்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன்.

அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். புருஷன் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இலங்கைப் பிரஜையாக்கக் கேட்ட மனுவை அங்கே தள்ளிவிட்டார்கள். இந்தியப் பிரஜையாகப் பதிய வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள்.

"எங்கப்பா பேரு கருப்பன். அன்னவாசலுக்கு அங்கிட்டு ஒரு சேரியில பொறந்தவரு. சின்னப் பிள்ளையில தோட்டத்துக்கு ஆள் சேக்க வந்த கங்காணி குடும்பத்தோட கூட்டிட்டுப் போயிட்டாராம். வேற ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்றார்.

அன்னவாசலை அடுத்த ஊரின் சமஸ்தான காலத்து ஜனன ரிஜிஸ்தரைப் புரட்டினேன். ஊர்த்தெருப் பிள்ளைகள் இருந்தார்கள். சேரிப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஜனத்தொகைக் கணக்காவது இருக்குமா என்று ரிக்கார்டு கிளார்க்கைக் கேட்டேன்.

"சென்சஸ் புஸ்தகத்துல தலைக்கணக்குதாங்க வரும், பேரு வராது. இந்தச் சேரிக்கு அதுவும் இல்ல. எண்ணப் போனவரு ஊர்த்தெருவோட திரும்பியிருப்பாரு" என்றார். அதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

2. புஞ்சை

பேச்சியம்மாளை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். முதலில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தைப் பார்த்தோம்.

"கருப்பனா? அப்படி ஒரு ஆளு இந்த ஊர்லயே இருந்ததில்லீங்க. வேற ஊரா இருக்கும், பாருங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

சேரியில் சின்னான் என்ற பெரியவர் பேச்சியம்மாளைப் பார்த்ததும் அழுதுவிட்டார். கருப்பனுக்குச் சித்தப்பா மகன்.

"ஒங்கப்பனும் நானும் ஒண்ணா மாடு மேச்சோம்த்தா. அந்தா தெரியுது பாரு, அது ஒங்க தாத்தா புஞ்சை. அவுக எல்லாரும் கப்பலேறுன பெறகு பண்ணையாரு வளைச்சுக்கிட்டாரு."

புஞ்சையில் கடலை விளைந்திருந்தது. பேச்சியம்மாள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"ஏய், யாரு அது? போடு கீழ" என்று வரப்பிலிருந்து காவல்காரன் அதட்டினான். அவர் போட்டுவிட்டு ஏறி வந்தார்.

சின்னானின் கைரேகையோடு ஒரு வாக்குமூலம் தயார் செய்து கொண்டுபோனேன். அத்தாட்சி தர வேண்டிய அதிகாரி அதைப் படிக்கக்கூட இல்லை. "நெலம் நீச்சு இல்லாதவன் சாட்சி செல்லாது. கர்ணமோ, வரி கட்டுற ஆளோ போடணும்" என்றார்.

3. பண்ணையாருக்கு வந்த ஞாபகம்

இரண்டு நாள் கழித்துப் பண்ணையாரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். காவல்காரன் சொல்லியிருக்கிறான்.

"கருப்பன் மகதானே நீ? ஒந்தாத்தன் வீரன் எங்க பண்ணையில கெடந்தவன்தான். ஒங்கப்பனுக்கு எடது கையில ஆறு விரலு. நல்லாத் தெரியுமே எனக்கு" என்றார்.

பேச்சியம்மாள் தலையாட்டினார். ஆறு விரல் உண்மைதான்.

பண்ணையார் வக்கீலிடம் திரும்பினார். "அந்தப் புஞ்சையில கெணறு வெட்டலாம்னு கடன் கேட்டேன். பாங்கியில மூலப்பத்திரம் கேக்குறாங்க, எங்கிட்ட இல்ல. இவ வாரிசுன்னு சொல்லி, பாத்தியதைய எனக்கு விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். இவ கேக்குற அத்தாட்சிக்கு நானும் கையெழுத்துப் போடுறேன், கர்ணத்தையும் போடச் சொல்றேன்."

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு வக்கீல் பேசினார். "போடாதீங்கம்மா. கேஸ் நடத்தினா நெலம் ஒங்களுக்கே வரலாம்."

"எம்புட்டு நாளாகுங்க?"

"வருசக் கணக்காகும்."

"எம்புள்ளைக அங்கிட்டுக் கெடக்குதுங்கய்யா. எழுதுங்க."

பத்திரத்தை நான்தான் எழுதினேன். 'இவ்வூரில் பிறந்து, இலங்கை சென்று காலமான கருப்பன் குமாரத்தி பேச்சியம்மாள்' என்று எழுதியதைப் பண்ணையார் கேட்டுத் தலையசைத்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் அடையாள சாட்சியாகக் கர்ணம் வந்து நின்றார். "இந்தம்மாவத் தெரியுமா?" என்ற கேள்விக்கு, "நல்லாத் தெரியுங்க, வீரன் பேத்தி" என்று பதில் சொல்லிக் கையெழுத்திட்டார். என்னைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாள் கேட்டார்: "இப்ப எங்கப்பா இருந்தாருன்னு ஆயிருச்சாங்கய்யா?"

"ஆயிருச்சும்மா" என்றேன்.

4. பிறகு

பேச்சியம்மாளும் பிள்ளைகளும் இந்தியப் பிரஜைகளானார்கள். ஆனதாலேயே சில வருஷத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். கப்பலில் வந்திறங்கியவர்களைப் பதியும் மண்டபம் முகாமில் ஓர் அதிகாரி, "சொந்த ஊர்ல நெலம் இருக்கா?" என்று கேட்டாராம். "இல்லீங்க" என்றதும் நீலகிரித் தோட்டத்துக்கு எழுதிவிட்டார்கள். போகும் வழியில் இறங்கி என்னைப் பார்த்தபோது பேச்சியம்மாள் இதைச் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அதன்பின் யார் முன்னோரைத் தேடி வந்தாலும் நான் ரிஜிஸ்தரில் தொடங்கியதில்லை. "ஒங்க ஆளுக விட்டுட்டுப் போனது இப்ப யாருகிட்ட இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். எண்ணப் போனவன் மறந்திருப்பான். எடுத்துக்கொண்டவனுக்குப் பேர் மறப்பதில்லை.