டப்பாவில் வந்த முட்டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். முதலில் வந்தவள் மூன்று வயது கவிதா. அவள் அம்மா மின்சார ரயிலில் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவர். குழந்தை எடை குறைவு என்று தினமும் டப்பாவில் ஒரு அவித்த முட்டை கொடுப்பார்.

எங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டோம். அதைச் சொன்னால் குழந்தையை நிறுத்திவிடுவாரோ என்று பயம். முட்டையைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டா" என்று சொல்லி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கவிதா கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டெய்லி முட்டை சாப்ட்டும் வெயிட் ஏறலையேன்னு டாக்டர் பிளட் டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார்க்கா. ஊசி குத்தினதும் உங்ககிட்ட போணும்னு ஒரே அழுகை" என்றார் அவள் அம்மா.

வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா காலையில நானே ஊட்டிட்டு வந்திருப்பேனேக்கா" என்றார்.

வேறு இடம் இல்லாததால் மறுநாளும் கொண்டுவந்து விட்டார். போகும்போது குனிந்து, "இன்னைக்கு என்ன சாப்ட்டேன்னு சாயங்காலம் அம்மாகிட்ட நீயே சொல்லணும், சரியா?" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

இன்றும் யாராவது என்னை நம்பி எதையாவது ஒப்படைத்தால், அந்த மெதுவான குரல்தான் முதலில் கேட்கிறது.