உப்பு காந்தாத கால்

தையல்நாயகி மரக்காணம் உப்பளத்தில் முதன்முதலாகக் கால் வைத்தது பதினெட்டு வயதில், கல்யாணமாகி வந்த மறு வாரம். சீசன் தொடங்கிய முதல் பத்து நாள் எப்படிப்பட்ட நரகம் என்று பாத்தியில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். குதிகால் வெடிப்பிலும் விரலிடுக்கிலும் உப்பு புகுந்து காந்தும். சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவினாலும் அடங்காது. பிறகு தோல் தடித்துப் பழகிக்கொள்ளும். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் போனது.

அந்தக் கால்களுக்கு அளத்தில் ஒரு பேர் இருந்தது. உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியின் களிமண் தரையை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். எந்த இடம் இளகிக் கிடக்கிறது, எந்த இடம் இறுகிவிட்டது என்பதைக் குனிந்து பார்க்காமலே சொல்லுவாள். உப்பு பூத்த தண்ணீரில் காலை வைத்து, இன்றைக்கு வாரலாமா, இன்னும் இரண்டு நாள் விடலாமா என்றும் சொல்லுவாள். மேஸ்திரி காசிலிங்கம் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஆள் இறக்குவார்.

2004ஆம் வருஷம் கால் காந்தவில்லை. முதல் நாள் போனது, மூன்றாம் நாள் போனது, ஒன்றும் இல்லை. பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் தனக்கோடி காலைத் தூக்கித் தூக்கி ஊதிக்கொண்டிருக்க, தையல்நாயகி குளத்தில் நிற்பதுபோல நின்றாள். தனக்கோடிக்குப் பொறாமையாக இருந்தது. தையல்நாயகிக்கோ, இத்தனை வருஷம் பட்டதற்குச் சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று தோன்றியது.

மற்றதெல்லாம் சின்னச் சின்னதாக வந்தது. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினாள். மற்றது எங்கே கழன்றது என்று தெரியவில்லை; கழன்றதே தெரியவில்லை. மகள் சத்யப்ரியா சிரித்தாள், அவளும் சேர்ந்து சிரித்தாள். இன்னொரு நாள் பம்ப்படியில் சோப்பு போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவியவள் அப்படியே சாய்ந்து விழுந்தாள். கண்ணைத் திறந்திருந்தால் நிற்க முடிந்தது. மூடினால் தரை எங்கே இருக்கிறதென்று கால் சொல்ல மறுத்தது. மேஸ்திரி கேட்கும்போது இப்போது அவள் குனிந்து கையால் தொட்டுப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஏறி வந்தது. அவர்கள் குடியிருப்பு உள்ளே தள்ளி இருந்ததால் உயிர் தப்பியது. அளமெல்லாம் சேறு. படகுப் பலகை, பாட்டில், தகரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து பாத்திக்குள் புதைந்து கிடந்தன. ஜனவரி முழுக்க அதை அள்ளிக் கொட்டுகிற வேலைதான். பிப்ரவரியில் ஒரு மத்தியானம், வரப்பில் ஏறிய தையல்நாயகிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு தடம் வருவதைத் தனக்கோடி பார்த்தாள். உட்காரவைத்துக் காலைத் திருப்பினால், வலது பாதத்தில் விரல் நீளத்துக்குத் தகரத்துண்டு ஏறியிருந்தது. காலையிலிருந்தே அதோடுதான் நடந்திருக்கிறாள்.

பிடுங்கும்போதும் வலிக்கவில்லை. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தாள். வலிக்காத காயத்துக்கு யார் ஆஸ்பத்திரி போவார்கள்? எட்டாம் நாள் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கட்டை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தில் சத்யப்ரியா வெளியே ஓடினாள். மரக்காணத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை நானூறுக்கு மேல் இருக்கிறது, உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது செந்தமிழ் என்ற இளம் டாக்டர். அழுகல் எலும்பு வரை போய்விட்டது, முட்டிக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றாள். லோடு ஏற்றும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருந்த புருஷன் கன்னியப்பன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வலிக்கவே இல்லியே டாக்டரம்மா. வலிக்காத கால எதுக்கு வெட்டணும்?” என்று கேட்டாள் தையல்நாயகி.

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து தன் விரலால் அவள் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். வலி என்பதைக் கால் தெரிந்துகொள்வதில்லை, மூளைதான் தெரிந்துகொள்கிறது. காலில் குத்தினால் அந்தச் சேதி நரம்பு வழியாக ஏறி, இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்புக்குள் நுழைந்து, அதற்குள் ஓடுகிற தண்டுவடம் வழியாகத் தலைக்குப் போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்கு வருவதுதான். சர்க்கரை அந்த நீள நரம்பைத்தான் முதலில் அரிக்கும், அதுவும் நுனியிலிருந்து. தரை எங்கே இருக்கிறதென்று சொல்வதும் அதே நரம்புதான்.

“உன் காலு ஒரு வருஷமா கத்திக்கினுதான்மா இருந்துது. மூளைக்குக் கேக்கல,” என்றாள்.

உப்பு காந்தாத அந்த முதல் நாளை நினைத்துத் தையல்நாயகி அப்போதுதான் அழுதாள். சாமி கண்ணைத் திறந்ததாக அல்லவா நினைத்திருந்தாள்.

காலை எடுத்த நான்காம் நாள் எரிய ஆரம்பித்தது. வெட்டிய புண்ணில் இல்லை. அதற்குக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டு, உள்ளங்கால் சீசன் முதல் வாரத்தைப்போலக் காந்தியது. ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த கால், போன பிறகு உயிர்பெற்றுவிட்டது. போர்வையை விலக்கிப் பார்ப்பாள். படுக்கை விரிப்புதான் இருக்கும். கன்னியப்பனைக் கூப்பிட்டு விரல்களைப் பிரித்துவிடச் சொல்லுவாள். முதல் இரண்டு நாள் அவன் வெறும் விரிப்பைப் பிடித்து நீவிவிட்டான். பிறகு அவனுக்கே பயம் வந்து, பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு திருநீறு கொண்டுவந்தான். பூசுவதற்கு இடம் இல்லாமல் அதை அவள் நெற்றியில் வைத்தான்.

பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி, வெட்டின காலை எந்தக் கோலத்தில் புதைத்தார்களோ அதே கோலத்தில்தான் இங்கேயும் வலிக்கும் என்று சொல்லிவிட்டாள். தையல்நாயகி அதையே பிடித்துக்கொண்டாள். கன்னியப்பன், காலை என்ன செய்தார்கள் என்று வார்டு ஆளிடம் விசாரித்துவிட்டு வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டான்.

“எரிச்சிட்டாங்களாம்.”

“அதான் எரியுதாய்யா?” என்று கேட்டாள்.

டாக்டர் செந்தமிழ் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றாள். கைக்கு ஓர் இடம், உதட்டுக்கு ஓர் இடம். காலுக்கு உரியது உச்சந்தலைக்குக் கீழே, மூளையின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்க்கிற மடிப்பில். வலது காலின் இடம் இடது பாதியில். கத்தி வைத்தது காலில்தான்; அந்த இடம் அப்படியே இருக்கிறது. அதற்குச் சேதி வர வழியில்லை. அறுபட்ட நரம்பின் முனை மட்டும் கண்டபடி எதையோ அனுப்புகிறது. மூளை அதைக் கால் என்றே எடுத்துக்கொள்கிறது. மாத்திரை கொஞ்சம் குறைக்கும். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, சிலருக்கு மாதம், சிலருக்கு வருஷம் என்றாள். தன் தலைக்குள்ளேயே ஒரு கால் இருக்கிறது, அதைக் கழுவவும் முடியாது, எண்ணெய் தடவவும் முடியாது என்பது மட்டும் தையல்நாயகிக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஓடியது. கட்டைக் கால் கொடுத்தார்கள். மற்ற காலுக்குத் தரை தெரியாததால் இரண்டு முறை விழுந்தாள், பிறகு அது மூலையில் நின்றது. சத்யப்ரியா படிப்பை விட்டுவிட்டுத் தனக்கோடியோடு அளத்துக்குப் போனாள். மத்தியானத்தில் கால் எரியும்போது தையல்நாயகி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். யாரையும் கூப்பிடுவதில்லை. பழைய ஆட்கள் பார்க்க வந்தால் நன்றாக இருப்பதாகச் சொல்லுவாள். இப்படி ஏன் பிழைக்கவைத்தார்கள் என்று ஒருமுறை கன்னியப்பனிடம் கேட்டாள்.

2006 ஜூன் மாதம் ஒரு காலையில் அவளை எழுப்ப வந்த சத்யப்ரியா படுக்கையில் ரத்தத்தைப் பார்த்தாள். இடது காலின் சுண்டுவிரல் நுனியையும் பக்கத்து விரலையும் எலி கடித்துத் தின்றிருந்தது. இல்லாத கால் விடிய விடியத் தூங்கவிடாமல், அப்போதுதான் அசந்திருந்தாள். இருந்த கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் அலறுவதைக் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள்.

மறுபடி பாண்டிச்சேரி. அதே டாக்டர். புண்ணைக் கழுவிக் கட்டிய பிறகு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றாள். தையல்நாயகி கண்ணை மூடிக் காத்திருந்தாள். கன்னியப்பன் எதிரில் நின்று பார்த்தான். டாக்டரின் கையிலிருந்த ஊசிமுனை பாதத்தில் பட்டது, கணுக்காலில் பட்டது, கெண்டைக்கால் பாதி வரை ஏறியது.

“எப்பம்மா தொடுவீங்க?” என்றாள் தையல்நாயகி.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தாள். சீட்டில் எழுதிக்கொண்டே, தினமும் காலையில் யாராவது இந்தக் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும், எலி அண்டாமல் கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுபோனாள். தையல்நாயகி அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

“இந்தக் காலும் போச்சின்னா, இதுவும் எரியுமா டாக்டரம்மா?”

“எரியாதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

கன்னியப்பன் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் வரிசையில் போய் நின்றான்.