கிராதிக்கு அந்தப் பக்கம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய நாடகக் கொட்டகை இருந்தது. கொட்டகை என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. அரங்கம் என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அதைப் புதுப்பிக்க ஒரு குழு அமைந்தபோது அப்பாதான் செயலாளர். ரிட்டயரான அரசு அதிகாரிகளுக்குச் செயலாளர் பதவி சர்க்கரை நோய் மாதிரி, எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது. குழுவில் இருந்த அத்தனை பேரும் அவர் வயது ஆண்கள். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே வரலாற்றைக் காப்பாற்றினார்கள்.

விழா மலருக்காக அப்பா அரங்கத்தின் சரித்திரத்தை எழுதினார். அதில் ஒரு பொற்காலம் வந்தது. தேசபக்தி நாடகங்கள் வந்தன. கைதட்டலில் ஓடு பெயர்ந்து விழுந்ததாகக்கூட ஒரு வரி வந்தது. பொற்காலத்துக்குப் பிறகு அது ரேஷன் அரிசிக் கிடங்காக இருந்ததும், அப்புறம் கல்யாண மண்டபமானதும் வரவில்லை. கடைசிக் காலத்தில் ஆடித் தள்ளுபடி விற்பனை நடந்ததும் வரவில்லை. நானே அந்த மேடையில் ஏறி இரண்டு நைட்டி வாங்கியிருக்கிறேன். மலரில் போடலாமே என்று சொன்னேன். அப்பா பேனாவை மூடிவிட்டார்.

அப்போதுதான் யாரோ ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்தார்கள். ஹாலின் இடது பக்கம் முழுவதும், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல், ஒரு மரக் கிராதி. குறுக்குச் சட்டங்களும் சின்னச் சின்னக் கட்டங்களுமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அதன் பின்னால்தான் பெண்கள் உட்கார வேண்டும். அதைப் பிறகு எந்தச் சீர்திருத்தவாதியும் எடுக்கவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கரையான் அரித்துப் போயிற்று. அதே கிராதியை அதே இடத்தில் மறுபடி வைப்பதென்று குழு முடிவு செய்தது. இருந்தது இருந்தபடி இருந்தால்தான் வரலாறு என்றார் அப்பா. போட்டோவில் ஆண்கள் பக்கத்தில் முதுகில்லாத மர பெஞ்சுகளும் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக மெத்தை வைத்த நாற்காலிகள் வாங்க முந்தின கூட்டத்திலேயே தீர்மானமாகியிருந்தது. முதுகு வலிக்கு வரலாறு தெரியாதாம்.

அம்மா அன்று காபி டம்ளர்களை எடுக்க வந்தவள், போட்டோவை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவள் பார்த்த நாடகங்கள் எல்லாம் அந்தக் கட்டங்கள் வழியாகப் பார்த்தவை. அவளுக்குக் கிடைத்த இடத்திலிருந்து நடிகர்களின் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ளது மட்டும் தெரியும். அப்போது ஊரே மயங்கிய ஒரு கதாநாயகன் இருந்தார். அம்மாவுக்கு அவருடைய சட்டைப் பொத்தான்கள் மனப்பாடம், முகம் தெரியாது. ஒரு நாள் மார்க்கெட்டில் பக்கத்தில் நின்ற ஆள் கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்டாராம். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாளாம். கைப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஆனால் அன்று சிரிக்கவில்லை. குழு கலைந்ததும் அப்பாவிடம் நேராகச் சொன்னாள்.

"நேக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்த மேடைல ஒரு நாடகம், எதுவும் மறைக்காம, நடுவுல உக்காந்துண்டு பாக்கணும்."

அதற்கென்ன, பேஷாகப் பார்க்கலாம் என்றார் அப்பா. கிராதி வெறும் காட்சிக்குத்தான், யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று சத்தியம் செய்யாத குறை. அம்மா நம்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் நம்பினாளே என்று எனக்கு அவள் மேல்தான் எரிச்சலாக வந்தது.

கிராதி செய்ய வந்த தச்சர் நொச்சிக்குப்பத்துக்காரர். "இன்னா சார், ரெண்டு பக்கமும் இழைச்சு பாலீஷ் போடணுமா?" என்று கேட்டார். வெளிப்பக்கம் போதும் என்றார் அப்பா. உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

திறப்பு விழா நாடகத்துக்கு முந்தின நாள் விஷயம் வெளியே வந்தது. பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வசதியாக, குழு உறுப்பினர்களின் குடும்பத்துப் பெண்மணிகள் அனைவரும் கிராதிக்குப் பின்னால் அமர்ந்து விழாவைச் சிறப்பிப்பார்கள் என்று குழு ஏற்பாடு செய்திருந்தது. அம்மாவுக்கு முதல் இடம். அது கௌரவம் என்று அப்பா விளக்கினார். மறுநாள் சாயங்காலம் அம்மா மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். கௌரவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட திருப்தி.

ஹாலுக்குள் நுழைந்ததும் அம்மா இடது பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக நடந்து, குழு உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கியிருந்த மூன்றாவது வரிசையில், நட்ட நடுவில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிராதிப் பக்கம் போய்க்கொண்டிருந்த மாமிகள் தயங்கி நின்றார்கள். ஒரு மாமி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசை பட்டுப் புடவைகளால் நிறைந்துவிட்டது. எழுந்திருங்கள் என்று சொல்ல எந்தக் கணவருக்கும் தைரியமில்லை. தலைமை விருந்தினர் ஒரு பட்டாளத்தோடு வந்து மிச்ச நாற்காலிகளையும் நிரப்பினார். விளக்கு அணைந்தபோது ஹாலில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. செயலாளரும் அவருடைய குழுவும் ஒருவர் பின் ஒருவராகக் கிராதிக்குப் பின்னால் போனார்கள். இழைக்காத பக்கத்தில் அப்பாவின் அங்கவஸ்திரம் மாட்டிக் கிழிந்த சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது.

நாடகம் ஹாஸ்ய நாடகம். ஒரு மாப்பிள்ளை, ஒரு மாமனார், ஆள்மாறாட்டம், அவ்வளவுதான். ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா முதல் காட்சியிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த நேரத்தில் ஏதாவது தவறிப்போய்விடுமே என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மேல் இருந்த கோபம் போயிருந்தது.

திரும்பி நடந்து வரும்போது கோயில் குளத்தருகே அப்பா கிழிந்த அங்கவஸ்திரத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒண்ணுமே தெரியலைடி. வெறும் கையும் வயிறுமா போயிண்டும் வந்துண்டும் இருந்தது."

"தெரியாது," என்றாள் அம்மா.

அடுத்த வாரமே குழு அவசரமாகக் கூடியது. இந்தத் தடவை வேறொருவர் வீட்டில், வேறொரு மாமியின் காபி. கிராதியைக் கழற்றிவிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். அப்பா வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார், ஏதோ அவரே சட்டசபையில் மசோதா கொண்டுவந்த மாதிரி. "பார்வைக்கு இடைஞ்சலாக இருப்பதாகப் பார்வையாளர்கள் தெரிவித்துள்ளதால்" என்று அது தொடங்கியது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், எந்தப் பார்வையாளர்கள் என்று கேட்டாள்.

அப்பா காகிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"நாங்கள்லாம்தான்," என்றார்.