நம்பர் தராத லூர்துசெல்வி

என் சித்தி மகள் லூர்துசெல்விக்கு ஊர் ஓரத்து ரயில்வே கேட்டில் வேலை. பதினொரு வருடமாகத் திட்டு வாங்குகிறாள். கேட்டை மூடினால் வண்டிக்காரர்கள் திட்டுவார்கள்; திறந்தால் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறப்பார்கள்.

போன ஜூலையில் ஒரு காலை, கேட் திறந்திருந்தும் ஒருவர் மட்டும் தாண்டிப் போகவில்லை. தண்டவாளத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். முந்தின நாளும் அங்கேயே பார்த்த முகம்.

பக்கத்து ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் புறப்படும் நேரமானதும் கேட்டை மூடினாள். அவர் அப்போதும் எழவில்லை. கேபினில் போன் அடித்தது. கேட்டை மூடியவள் ஒரு ரகசிய எண் சொல்ல வேண்டும். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர் நாராயணசாமி ரயிலை விடுவார்.

“நம்பர் சொல்லும்மா.”

“தர மாட்டேன் சார்.”

“வெளாட்றியா? வண்டி லேட்டானா உன்ன யாரு காப்பாத்துவா?”

“லைனோரம் ஒரு ஆளு. எனக்கு சரியாப் படல. கூட்டியாந்துட்டு சொல்றேன். விட்றாதீங்க சார்.”

ரிசீவரை வைத்துவிட்டு ஓடினாள்.

“தம்பி, சாவணும்னு வந்தியா?” சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. “நீ போக்கா. வண்டி வந்துடும்.”

“வராது. நான் நம்பர் குடுத்தாதான் வரும். நீ எழுந்து வந்தாதான் குடுப்பேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்டுக்கு அப்பால் ஆரன்கள் அலறின.

“யம்மா, வண்டி வருமா வராதா?”

“வராது! ஆரன நிறுத்துய்யா, பேசிட்டிருக்கோம்ல!”

பக்கத்தில் இருந்தவர் அழுதார். பிறகு பேசினார். பிறகு எழுந்தார். பெயர் பிரேம்குமார், தட்டாஞ்சாவடியில் வெல்டர். கேபினில் உட்கார வைத்து அவர் மனைவி மாலாவுக்குப் போன் போட்டாள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்.

ரயில் இருபத்திரண்டு நிமிடம் தாமதம். விளக்கம் கேட்டு லூர்துசெல்விக்குக் கடிதம் வந்தது. இங்கே பாரிசில் மெட்ரோ நின்றால் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறவன் நான். அவள் வேலை போய்விடுமோ என்று தினமும் போன் போட்டேன்.

“போனா போவட்டும். ஆளு வீடு போய் சேந்தான்ல,” என்றாள்.

வேலை போகவில்லை. விசாரித்த அதிகாரி தண்டனைப் பேச்சையே எடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் நம்பரை நிறுத்தி வைக்கலாம் என்று அந்தத் தடத்தின் கேட்டுகளுக்கெல்லாம் உத்தரவு போனது. மற்ற கேட் கீப்பர்களுக்கு எடுத்துச் சொல்ல அவளையே கூப்பிட்டார்கள்.

பிரேம்குமார் இன்னும் மருந்து சாப்பிடுகிறார். போன வாரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது போனில் ஓர் ஆரன் சத்தம், கூடவே ஒரு குரல்:

“யக்கா, எவ்ளோ நேரம்? வேலைக்கு லேட்டாவுது!”

“பிரேம்குமார்தான்,” என்று சிரித்தாள் லூர்துசெல்வி. “எப்படித் திட்றான் பாரு!”