செவ்வாய்க்கிழமை தூக்கினார்கள்

"எறக்கி விடுங்க," என்றாள் அனிட்டா. அதற்குள் சக்கர நாற்காலி தரையை விட்டு எழும்பிவிட்டது.

"ஐஸ் பெட்டி தூக்குறவனுக்கு நீயெல்லாம் ஒரு கனமா?" என்றான் அவள் அண்ணன் பிரடெரிக். வலை சரிசெய்துகொண்டிருந்தவன் படகுக்காரர்களைக் கூட்டி வந்திருந்தான்.

"ஆபீசர் வர்ற நேரம்ணே. நான் கீழ இருக்கிறதத்தான் அவரு பாக்கணும்."

"அண்ணன் இருந்தும் தெருவுல கெடக்காளேன்னு என்னயத்தான் கேப்பாரு. ஏலே சவேரியார், ஒன் பக்கம் சாயுது பாரு."

துப்பட்டா நழுவியது. சரிசெய்யக் கையை எடுக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

மீனவர் சங்கக் கட்டடம் கடல்நீர் ஏறாமலிருக்க உயரமாகக் கட்டியது. ஏறுவதற்குப் படிகள் மட்டும்தான்.

பரமக்குடியில் கணினி படிக்கும்போது அனிட்டா பேருந்திலிருந்து விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. படிப்பை வீட்டிலிருந்தே முடித்தாள். சங்கத்தில் இணையச் சேவைக்கு ஆள் தேடினார்கள். "தினமும் மேல வந்துட்டா வேலை ஒனக்குத்தான்," என்றார் செயலாளர் தர்மராஜ். திங்கள், புதன், சனி படகுகள் கடலுக்குப் போகும். அன்றெல்லாம் தூக்க ஆள் இருக்காது. பொதுக் கட்டடத்தில் சாய்தளம் வேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சொல்லி மனுக் கொடுத்தாள். அதிகாரி பார்க்க வந்தது செவ்வாய்க்கிழமை.

அவர் வந்தபோது அவள் மேலே, கணினிக்கு முன்னால் இருந்தாள்.

"எங்க அண்ணனும் இவங்களும் இப்பத்தான் தூக்கிட்டு வந்தாங்க சார்."

"நல்ல அண்ணன்மா. எத்தனை பேருக்கு இப்படி அமையும்?"

"நாளைக்குக் கடலுக்குப் போயிருவாங்க சார்."

"நான் இல்லன்னா ஊரே தூக்கும் சார்," என்றான் பிரடெரிக். "எங்க வீட்டுப் புள்ளய நாங்க விட்டுருவமா?"

"சட்டத்துல இருக்கு சார்," என்றாள் அனிட்டா.

"இருக்கும்மா. அவசரத் தேவை எங்கன்னும் பாக்கணும்ல."

"என்னைக் கீழ எறக்கிட்டு ஒரு தடவ பாருங்க."

அதிகாரி செல்பேசியை எடுத்து, மேசை முன்னால் அவள் இருப்பதைப் படம் பிடித்தார். பிரடெரிக் தலையைக் கோதிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

அதிகாரியின் ஜீப் போன பிறகு அவளை இறக்கினார்கள். வீடு வரை பிரடெரிக்தான் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏன் உம்முன்னு வார? ஆபீசரே பாராட்டிட்டுப் போறாரு."

அவள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவன் மறுபடி தள்ளினான்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் படகுகள் போய்விட்டன. அனிட்டா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். தர்மராஜ் வாசலில் நின்று, "யாராச்சும் வரட்டும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். படியின் கீழே காத்திருந்தாள். இணையச் சேவைக்கு வந்த மிக்கேலம்மாள் அவளிடம் ஆதார் அட்டையைக் காட்டி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு மேலே ஏறிப் போனார். உள்ளே தர்மராஜ் ஒற்றை விரலால் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. மதியத்துக்குப் பிறகு வெயில் படிக்கு வந்தது. நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினாள். சங்கத்தைப் பூட்டியதும் வீட்டுக்குப் போனாள்.