உடம்பு குளிர்ந்த காலை

போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்பவுண்டரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

காய் எடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து, புகையிலை வைத்துக் கட்டியிருந்தாள். கணுக்கால் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. நடுக்கமும் காய்ச்சலும். மலையில் நடுங்கினாலே மலேரியாதான். கம்பவுண்டர் கொயினா மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்.

மறுநாள் காலையில் உடம்பு சில்லென்றிருந்தது.

"காய்ச்சல் விட்டிருச்சு தம்பி" என்று அவள் புருஷன் சிரித்தான்.

நான் நாடியைப் பிடித்தேன். எண்ண முடியாத ஓட்டம். மூச்சு வாங்கியது. இரவெல்லாம் சிறுநீர் போகவில்லை. புருஷனையே "நீ யாரு?" என்று கேட்டாள். புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறினால் சிலருக்கு உடம்பு இப்படிக் குளிரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை அவனிடம் சொன்னேன்.

"அப்ப லோடு ஜீப்புல ஏத்தி வெரசா போடிக்குக் கொண்டுபோயிர்றேன்" என்றான் அவன்.

உள்ளே ஓடிக் கம்பவுண்டரிடம் சொன்னேன்.

"இப்பத்தான்டா டிரைவர்கிட்ட போடி டாக்டருக்கு லெட்டர் குடுத்தேன். பென்சிலினோட அதே ஜீப்புல மேல வந்துருவாரு. அவளப் போட்டு அலைக்கழிக்காத."

வெளியே வந்து புருஷனிடம், "அண்ணே, டாக்டரே வர்றாரு. இங்கயே இருங்க" என்றேன். படித்தவன் சொன்னதால் இருந்தான். ஜீப்பு இறங்கிப் போனது.

பிற்பகலில், ஏலக்காய்க்குச் சாக்கு எடுக்கப் போன ஜீப்பு காலிச் சாக்கோடு மட்டும் வந்தது.

"லெட்டரா? எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல மாப்ளே" என்றார் டிரைவர்.

போன மாதம் டாக்டர் வந்தபோது ஆட்கள் முன்னால் கம்பவுண்டரைத் திட்டியிருந்தார். மறுபடி அவர் மலையேறி வருவதில் இவருக்கு விருப்பமில்லை. பொய் சொன்னதற்கு அவ்வளவுதான் காரணம்.

அவளைத் தூக்கி ஜீப்பில் வைத்தோம். பாதி வளைவுகள்கூட இறங்கவில்லை. என் கைக்குள் இருந்த நாடி நின்றது.

அடுத்த நாள் ஆட்கள் கூடியிருந்த களத்தில் கம்பவுண்டர் புருஷனிடம் சத்தமாகக் கேட்டார்: "கீழ கொண்டுபோக வேணாம்னு தடுத்தது யாரு? நானா? நீயே சொல்லுப்பா."

புருஷன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நான்தான்" என்றேன். லெட்டர் விஷயத்தைச் சொல்வதற்குள் அவன் திரும்பி நடந்துவிட்டான்.