ஏழாவது சாயா

மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் சுக்கு வாசனை கனவுபோல மிதக்கும் மத்தியானங்களில் எங்கள் மாதர் சங்கம் கூடும். ஒருநாள் பதிவு அலுவலக ஆபீசர் வந்து மினிட்ஸ் நோட்டைப் புரட்டி ஒரு பேரில் விரலை வைத்தார்.

“இந்த அம்மா மரிச்சு ஒரு வருஷம் ஆச்சே. கைநாட்டு மட்டும் எப்படி வருது?”

“அவ மகதான் வைக்கிறா சாரே. பேரை வெட்ட எங்களுக்கு மனசு வரலை,” என்றேன்.

“வெட்டுங்க. ஆனா ஏழு பேர் இல்லாட்டி பதிவு ரத்து.”

அவளை எடுத்தால் ஆறு பேர்தான்.

“அதுக்கென்ன, மகளையே சேருங்க,” என்றார் அவர்.

எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. ஓரமாக நின்ற மகள் அழுதபடி வந்து தன் பேரை எழுதினாள்.

இறந்தவளுக்கென்று வழக்கம்போல ஊற்றி வைத்திருந்த சாயாவைத் தனக்கென்று நினைத்து ஆபீசர் உறிஞ்சினார். “ஆறிப்போச்சே!”

“ரொம்ப நேரமாக் காத்திருந்துச்சு சாரே,” என்றேன் நான்.